மகளுக்குப் புதுநன்மை: ஜூனில் தொடங்க வேண்டிய வேலைகள்

சொந்த ஊரை விட்டு வந்து நகரத்துப் பங்கில் (ஒரு குருவின், அதாவது பங்குத்தந்தையின், பொறுப்பில் உள்ள கோயில் வட்டாரத்தில்) குடியிருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு, மூத்த மகளின் புதுநன்மை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பமான நற்கருணையை (நன்மையை) அவள் முதன்முறை வாங்கும் விழா, பெரிய தலைவலியாகிவிடுகிறது. எந்தச் சான்றிதழை எங்கே வாங்குவது, எப்போது யாரிடம் கேட்பது என்பதெல்லாம் ஊரில் இருந்தவரை கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியாரோ பாட்டியோ பார்த்துக்கொண்ட வேலைகள். இங்கே கேட்க ஆள் இல்லை. ஏப்ரல் மாதம் கவுன் வாங்கி வைத்துவிட்டு, மே மாதம் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) சான்றிதழுக்காக ஊருக்கு ஓடும் பெற்றோரைப் பங்குதோறும் பார்க்கலாம். அந்த ஓட்டத்தைத் தவிர்க்கத்தான் இந்தக் கட்டுரை. தமிழ்நாட்டுப் பங்குகளின் பொதுவான நடைமுறையை வைத்து எழுதியிருக்கிறோம். உங்கள் பங்கில் சில விவரங்கள் மாறலாம்.

1. எந்த வருடம் என்று பங்கில் கேளுங்கள்

விவரம் தெரியும் வயது ஏழு என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் நம் பங்குகள் பலவற்றில் நான்காம் அல்லது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைத்தான் எடுக்கிறார்கள். ஞாயிறு மறைக்கல்வி (சமய பாட) வகுப்புக்கு ஒழுங்காக ஒரு வருடமாவது, சில இடங்களில் இரண்டு வருடம், வந்திருக்க வேண்டும் என்பார்கள். விழா பெரும்பாலும் பாஸ்காவுக்கு (ஈஸ்டருக்கு) பிறகு, ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ வரும்.

மறைக்கல்வி வகுப்பு பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து ஜூனில் தொடங்கும். அதனால் மகள் மூன்றாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதமே பங்குத்தந்தையையோ மறைக்கல்விப் பொறுப்பாளரையோ பார்த்துப் பெயர் கொடுத்துவிடுங்கள். “எந்த வகுப்பில் எடுப்பீர்கள், வருகைப்பதிவு எவ்வளவு வேண்டும், விழா எந்த மாதம்” என்ற மூன்றையும் அன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலையில் டான்ஸ் கிளாஸ், ஹிந்தி டியூஷன் என்று போட்டுவிட்டால் வருகை குறையும். வருகை குறைந்தால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டு.

இரண்டு மகள்களுக்கும் ஒரே நாளில் கொடுக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. இடைவெளி ஒன்றரை, இரண்டு வயது என்றால், சிறியவளும் வகுப்பை முடித்திருந்தால், சில பங்குகளில் சம்மதிப்பார்கள். செலவை மிச்சப்படுத்த மூத்தவளை இரண்டு வருடம் காக்க வைப்பது சரியல்ல. சேர்த்துச் செய்வதானால் சிறியவள் தயாராக இருக்கிறாளா என்பது மட்டுமே கேள்வியாக இருக்கட்டும்.

2. பங்கில் உங்கள் குடும்பம் பதிவாகியிருக்கிறதா?

ஐந்து வருடமாக அதே கோயிலுக்குப் பூசைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், பங்குப் பதிவேட்டில் பெயர் இருக்காது. இது மிகச் சாதாரணமாக நடக்கிறது. பங்கு அலுவலகத்தில் குடும்ப அட்டை போட வேண்டும். பெற்றோரின் கோயில் திருமணச் சான்றிதழ் நகல், முகவரிச் சான்று, சில இடங்களில் பழைய பங்கிலிருந்து மாற்றுக் கடிதம் கேட்பார்கள். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழுவில்) வருகிறது என்று கேட்டு, அன்பியப் பொறுப்பாளரையும் பார்த்துவிடுங்கள். இந்தக் குடும்பத்தை எனக்குத் தெரியும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாதி வேலை முடிந்தது.

பங்குக்குக் கட்டும் சந்தா பாக்கி இருந்தால் மறைக்க வேண்டாம். மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் நேரே பங்குத்தந்தையிடம் சொல்லிவிடுங்கள். பாக்கிக்காகப் பிள்ளைக்கு அருட்சாதனத்தை (நற்கருணை போன்ற புனிதச் சடங்கை) மறுக்கக்கூடாது. பெரும்பாலான பங்குத்தந்தையர் மறுக்கவும் மாட்டார்கள். அலுவலகத்தில் யாராவது அப்படிச் சொன்னால் அங்கேயே வாக்குவாதம் செய்யாமல் பங்குத்தந்தையிடம் போங்கள்.

விழாவைச் சொந்த ஊரில் வைக்க விருப்பமானால், மகள் மறைக்கல்வி முடித்துவிட்டாள், அங்கே கொடுக்கலாம் என்று நீங்கள் குடியிருக்கும் பங்கின் பங்குத்தந்தையிடம் கடிதம் வாங்க வேண்டும். ஊர்ப் பங்கின் சம்மதத்தைப் பெற்ற பிறகு இந்தக் கடிதத்தைக் கேளுங்கள்.

3. திருமுழுக்குச் சான்றிதழ்

அதிகமாகச் சிக்குவது இங்கேதான். திருமுழுக்கு எந்தக் கோயிலில் நடந்ததோ அந்தக் கோயிலின் பதிவேட்டில்தான் பதிவு இருக்கும், சான்றிதழும் அங்கேதான் கிடைக்கும். நம் வழக்கப்படி தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் மூத்தவளுக்கு அம்மாவின் ஊரில் ஞானஸ்நானம் நடந்திருக்கும், இளையவளுக்கு நீங்கள் குடியிருக்கும் ஊரில். நேர்ச்சையாக வேளாங்கண்ணியிலோ பூண்டியிலோ கொடுத்திருந்தால் அந்தத் திருத்தலத்தில் கேட்க வேண்டும். இரண்டு மகள்கள் என்றால் இரண்டு கோயில்கள் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

போகும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: மகளின் முழுப்பெயர், பிறந்த தேதி, திருமுழுக்கு நடந்த தேதி, தந்தை தாய் பெயர், ஞானத்தந்தை ஞானத்தாய் பெயர். தேதி நினைவில் இல்லாவிட்டால் அன்று எடுத்த போட்டோவைத் தேடுங்கள். பதிவேடு தேதி வரிசையில் இருப்பதால், மாதமும் வருடமும் தெரிந்தாலே பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ‘2015 வாக்கில்’ என்று சொன்னால் ஒரு புத்தகம் முழுவதும் புரட்ட வேண்டியிருக்கும். பிறப்புச் சான்றிதழ் நகல் ஒன்றும் கையில் இருக்கட்டும். கட்டணம் சிறிய தொகைதான், சில கோயில்களில் காணிக்கையாக வாங்குவார்கள்.

எப்போது போகலாம்? பொங்கல் விடுமுறைக்குள் வாங்கிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் வாரம், புனித வாரம், அந்த ஊர்த் திருவிழா நாட்கள் ஆகாது. அந்த நாட்களில் பதிவேட்டைத் திறந்து பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. திங்கள்கிழமை மூடியிருக்கும் அலுவலகங்கள் உண்டு. போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள். ஊரில் இருக்கும் தாத்தாவோ சித்தப்பாவோ வாங்கி அனுப்பலாமா என்று அந்தப் போனிலேயே கேளுங்கள். பல இடங்களில் கொடுக்கிறார்கள்.

சான்றிதழைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று எழுத்து எழுத்தாகப் படியுங்கள். மகளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ‘ஜெனிபர்’ என்றும் திருமுழுக்குப் பதிவில் ‘மரிய ஜெனிபர்’ என்றும் இருப்பது சகஜம். புனிதரின் பெயர் கூடுதலாக இருந்தால் புதுநன்மைக்குத் தடை வராது. ஆனால் பிறந்த தேதியோ அப்பாவின் பெயரோ தவறாக இருந்தால் இப்போதே திருத்தக் கேளுங்கள். இன்று விட்டுவிட்டால் அவளுடைய திருமணத்தின்போது வந்து நிற்கும், அப்போது ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) எழுத மூன்று வாரம்கூட இருக்காது. பதிவேட்டை யாரும் அடித்துத் திருத்த மாட்டார்கள். பிறப்புச் சான்றிதழோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால், தேவைப்பட்டால் ஆயர் (பிஷப்) இல்லத்தின் அனுமதி பெற்று, ஓரக்குறிப்பாக எழுதுவார்கள். இதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். பொங்கலுக்குள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

அரசுப் பிறப்புப் பதிவில் மகளின் பெயரே இல்லாமல், ‘பெண் குழந்தை’ என்று மட்டும் இருந்தால் அதையும் கையோடு சரிசெய்யுங்கள். பெயர் சேர்க்க ஒரு வருடம் வரை கட்டணம் இல்லை, அதன்பின் 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம்.

அம்மாவோ அப்பாவோ சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவராக இருந்து, மகள் அங்கே ஞானஸ்நானம் பெற்றிருந்தால், மறுபடியும் திருமுழுக்கு கொடுக்க மாட்டார்கள். கொடுக்கவும் கூடாது. அந்தச் சபையின் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பங்குத்தந்தை சொல்வார். இதுவரை திருமுழுக்கே பெறாமல் ஏழு வயது கடந்துவிட்ட பிள்ளைக்கான தயாரிப்பு வேறு, அதிக நாளாகும். அப்படியானால் ஒரு வருடம் முன்னதாகவே பேசத் தொடங்குங்கள்.

4. செபங்கள்: வகுப்பில் சொல்லும் பாடத்தையே வீட்டிலும் சொல்லுங்கள்

சிலுவை அடையாளம், விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே, அருள் நிறைந்த மரியே, திரித்துவப் புகழ், நம்பிக்கை அறிக்கை, மனத்துயர் செபம், பத்துக் கட்டளை, ஏழு அருட்சாதனங்கள், திருச்சபையின் ஒழுங்குகள். கேள்வி கேட்பது பெரும்பாலும் இவற்றிலிருந்துதான். பங்கில் கொடுக்கும் சிறு புத்தகத்தை முதல் வாரமே வாங்கி ஒரு நகலும் எடுத்துவையுங்கள்.

வீட்டில் ஆச்சி சொல்லிக்கொடுப்பது ‘பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே’ என்ற பழைய பாடமாக இருக்கும், வகுப்பில் புதிய பாடம். இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும் பிள்ளை பாதியில் தடம் மாறிவிடுவாள், ‘கர்த்தர் உம்முடனே’ என்று தொடங்கி ‘ஆண்டவர்’ என்று திருத்தி நின்றுவிடுவாள். புதுநன்மை முடியும்வரை வீட்டுச் செபமாலையை வகுப்புப் பாடத்திலேயே சொல்லுங்கள். ஆச்சியிடம் காரணத்தைச் சொல்லிவிட்டால் வருத்தப்பட மாட்டார். பத்துக் கட்டளையிலும் இதே சிக்கல் உண்டு. நம் வரிசையில் ‘கொலை செய்யாதே’ ஐந்தாவது, சி.எஸ்.ஐ. பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது ஆறாவது. இரண்டும் ஒரே கட்டளைகள்தான், எண்ணும் முறைதான் வேறு என்று ஒருமுறை சொல்லிவிடுங்கள். குழம்ப மாட்டாள்.

ஒரு நாளைக்கு ஒரு செபத்தில் இரண்டு வரி போதும். இரவு சாப்பாட்டுக்கு முன் குடும்பச் செபத்தில் அவளையே தொடங்கச் சொல்லுங்கள். இளையவளும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, பாதியை அப்போதே படித்துவிடுவாள். புதுநன்மைக்கான தேர்வு மார்ச்சில் வருவதால் மனப்பாடம் ஜனவரிக்குள் முடிந்துவிட வேண்டும்.

மனப்பாடத்தைவிட ஒன்று முக்கியம். “நன்மையில் யார் வருகிறார்?” என்று கேட்டால் “இயேசு” என்று அவளே யோசித்துச் சொல்ல வேண்டும். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிகிறதா என்றுதான் பங்குத்தந்தையும் பார்ப்பார். ஞாயிறு பூசையில் பின்வரிசையில் உட்காராமல், பீடம் தெரியும் இடத்தில் மகள்களோடு உட்காருங்கள். எழுந்தேற்றத்தின்போது (குரு அப்பத்தை உயர்த்திக் காட்டும்போது) மணி அடிப்பது எதற்கு என்று காதில் சொல்லுங்கள். ஒரு மாத வகுப்பு சொல்லித்தராததை இப்படி நான்கு ஞாயிறுகள் சொல்லித்தரும்.

5. முதல் பாவசங்கீர்த்தனம்

புதுநன்மைக்கு முன்பு ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம், கட்டாயம். விழாவுக்கு முந்தைய வாரத்திலோ முந்தைய நாளிலோ வைப்பார்கள். பிள்ளைகளுக்கு உள்ளூரப் பயம் வருவது இதற்குத்தான்.

வகுப்பில் ஐந்து படிகள் சொல்லித்தருவார்கள்: பாவங்களை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுப்பது, குருவிடம் சொல்வது, அவர் தரும் பரிகாரத்தைச் செய்வது. வீட்டில் நீங்கள் சாமியார் (குரு) போல உட்கார்ந்து, என்ன சொல்லித் தொடங்க வேண்டும், எப்போது மனத்துயர் செபம் சொல்ல வேண்டும் என்று மட்டும் பழக்குங்கள். பாவங்களைச் சொல்லிப் பழக்க வேண்டாம். ‘தங்கச்சியை அடிச்சேன்னு சொல்லு, பொய் சொன்னேன்னு சொல்லு’ என்று அம்மா பட்டியல் போட்டுக் கொடுத்தால் அது அவளுடைய பாவசங்கீர்த்தனமாக இருக்காது. தாளில் எழுதிக்கொண்டு போவதும் வேண்டாம், தாள் பெஞ்சில் விழுந்து தோழிகள் கையில் கிடைக்கும்.

வெளியே வந்ததும் என்ன சொன்னாய், என்ன பரிகாரம் கொடுத்தார் என்று யாரும் கேட்கக்கூடாது. அப்பாவும் கேட்கக்கூடாது. சாமியார் வெளியே சொல்ல மாட்டார் என்பதை முன்கூட்டியே அவளிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிள்ளைகளின் பாவசங்கீர்த்தனம் கோயிலுக்குள், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில்தான் நடக்க வேண்டும். நீங்கள் காதில் விழாத தூரத்தில், அவள் பார்த்தால் தெரியும் இடத்தில் இருங்கள். அன்று நீங்களும் வரிசையில் நின்று பாவசங்கீர்த்தனம் செய்தால் அவளுக்குப் பாதி பயம் போய்விடும்.

6. வெள்ளை உடை

சுற்றறிக்கை வரும் முன் வாங்காதீர்கள். சில பங்குகளில் எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி கவுன், சில இடங்களில் வெள்ளைச் சுடிதார். கையில்லாத உடை பெரும்பாலும் கூடாது. வெளிநாட்டிலிருந்து அத்தை அனுப்பும் பெரிய கவுன் பங்கு விதிக்குப் பொருந்தாமல் பெட்டியிலேயே கிடப்பதுண்டு. அனுப்பும் முன்பே விதியைச் சொல்லிவிடுங்கள்.

தைப்பதானால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு, சுமார் 130 செ.மீ. உயரத்துக்கு, 44 அங்குல அகலத்தில் சாட்டின் அல்லது கிரேப் 3 மீட்டர், பருத்தி லைனிங் இரண்டரை மீட்டர், மேலே மென்மையான நெட் 2 முதல் 3 மீட்டர் வேண்டும். அளவை விழாவுக்கு நான்கு வாரம் முன்பு எடுங்கள். இந்த வயதில் வருடத்துக்கு 5, 6 செ.மீ. வளருவாள், டிசம்பரில் எடுத்த அளவு மே மாதம் தோளில் இழுக்கும். மார்ச் மாதமே டெய்லரிடம் தேதி மட்டும் சொல்லி வையுங்கள். ஒரே பங்கில் முப்பது பிள்ளைகள் என்றால் அத்தனை பேரும் அதே இரண்டு டெய்லரிடம்தான் போவார்கள்.

டெய்லரிடம் சொல்ல வேண்டியவை: லைனிங் பருத்தியாக இருக்கட்டும், கான்கான் நெட்டின் (கவுனை விரித்துக் காட்டும் விறைப்பான உள் நெட்டின்) அடியிலும் லைனிங் வரட்டும். இல்லாவிட்டால் மே வெயிலில் தொடை அரித்து, பூசை முழுவதும் சொறிந்துகொண்டே நிற்பாள். நீளம் கணுக்காலோடு நிற்கட்டும். தரை தொடும் கவுனில் முழங்காலிட்டு எழும்போது விளிம்பை மிதித்துத் தடுமாறுவார்கள். பக்கத் தையலில் இரண்டு அங்குலம், கீழ்மடிப்பில் மூன்று அங்குலம் உள்ளே விடச் சொன்னால், தங்கை கொஞ்சம் பருமனாக இருந்தாலும் அவளுக்கும் ஆகும்.

பிள்ளைகள் கையில் ஏந்தும் மெழுகுதிரியைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். நெட்டும் முக்காடும் நைலான், தீ பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கை மணி போல விரிந்த சட்டைக்கை வேண்டாம். முக்காட்டை முன்னால் விழாமல் பின்னால் கொண்டுபோய்ப் பின் குத்துங்கள். திரியில் மெழுகு பிடிக்கும் காகிதக் கிண்ணம் இருக்கட்டும், வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கை இடைவெளி விட ஆசிரியரிடம் கேளுங்கள். கிரீடம் இரண்டு கிளிப்பில் நிற்கிறதா என்று வீட்டில் ஒரு மணி நேரம் போட்டுப் பாருங்கள். செருப்போ ஷூவோ புதிதானால் ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடக்கட்டும்.

துணி, லைனிங், நெட், தையல் சேர்ந்து 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் முடிக்கலாம், கடைக்கும் ஊருக்கும் தகுந்து கூடும் குறையும். சுத்தமான உடை ஒன்றைத் தெரிந்த குடும்பத்திடம் வாங்கிப் போட்டால் செலவே இல்லை, அதில் எந்தக் குறையும் இல்லை. தங்கச் சங்கிலி தேவையே இல்லை.

7. நற்கருணை வாங்கிப் பழகுவது

ஒத்திகையில் அர்ச்சிக்காத அப்பத்தை வைத்துப் பழக்குவார்கள். “கிறிஸ்துவின் திருவுடல்” என்றதும் “ஆமென்” என்று காது கேட்கச் சொல்ல வேண்டும். கையில் வாங்குவதானால் வலதுகைப் பழக்கமுள்ளவள் இடது கையை மேலே, வலது கையைக் கீழே வைத்து வாங்கி, குருவின் முன்னாலேயே உட்கொள்ள வேண்டும். எடுத்துக்கொண்டு நடக்கக்கூடாது. திரு இரத்தத்தில் (அர்ச்சித்த திராட்சை இரசத்தில்) தோய்த்துக் கொடுத்தால் நாவில் மட்டும்தான். அப்பம் மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் விரலை விட வேண்டாம், சற்றுப் பொறுத்தால் கரையும் என்று முன்பே சொல்லுங்கள்.

மகளுக்குக் கோதுமை ஒவ்வாமை இருந்தால் பங்குத்தந்தையிடம் இரண்டு மாதம் முன்பே சொல்லுங்கள். கோதுமையே இல்லாத அப்பம் திருப்பலிக்குச் செல்லாது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தை வரவழைக்கலாம், அதுவும் ஆகாதென்றால் திரு இரத்தம் மட்டும் கொடுக்கலாம். டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

8. அன்று காலை

நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வரைதான் உணவு. தண்ணீரும் மருந்தும் எப்போதும் எடுக்கலாம். இது தெரியாமல் முந்தின இரவிலிருந்து பட்டினி போட்டு, பூசை நடுவில் பிள்ளை மயங்கி விழுவது வருடாவருடம் நடக்கிறது. எட்டு மணிப் பூசையானால் நன்மை கொடுக்க ஒன்பதாகும். ஆறே காலுக்கு இரண்டு இட்லி கொடுங்கள். சாப்பிட்ட பிறகு உடை போடுங்கள். கிளம்பும் முன் பாத்ரூம் போய் வரட்டும், கான்கானோடு கோயில் பாத்ரூமுக்குள் போவது பெரும்பாடு.

ஒரு பையில் கைக்குட்டை, தண்ணீர், ஊக்கு நான்கு, கிளிப், வெள்ளை நூல் ஊசி, தீப்பெட்டி வையுங்கள். போட்டோ யார் எடுப்பது என்று பங்கில் ஒருவரை ஏற்பாடு செய்திருப்பார்கள். பெற்றோர் பீடத்தருகே செல்போனோடு வந்து நிற்க வேண்டாம். அந்த ஒரு நிமிடம் அவளோடு நீங்களும் செபித்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

இளையவள் ஓரமாக நின்று அழுவாள். காணிக்கைப் பவனியில் ஒரு பூவையோ பழத்தட்டையோ அவள் கையில் கொடுக்க முடியுமா என்று முன்பே கேட்டு வையுங்கள்.

9. விருந்து

ஐம்பது பேருக்குப் பிரியாணி என்றால் அரிசி 5 முதல் 6 கிலோ, அதே எடை கறி. அதற்கு மேல் கூட்டுவதானால் உங்கள் விருப்பம், ஆனால் கடன் வாங்க வேண்டாம். வீட்டில் கேக் வெட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டால் மகளுக்குப் போதும். மாலையில் அவளைச் சீக்கிரம் தூங்க விடுங்கள்.

10. விழா முடிந்த வாரத்தில்

புதுநன்மைச் சான்றிதழை அந்த வாரமே வாங்கி, பெயர், தேதி, பங்கின் முத்திரை மூன்றையும் பாருங்கள். பங்கின் புதுநன்மைப் பதிவேட்டில் பெயர் ஏறிவிட்டதா என்றும் கேளுங்கள். வீடு மாறிப்போன பிறகு பிற்காலத்தில் நகல் கேட்கும்போது அந்தப் பதிவுதான் உதவும். ஒவ்வொரு மகளுக்கும் தனித்தனி ஃபைல் போட்டு பிறப்புச் சான்றிதழ், திருமுழுக்குச் சான்றிதழ், புதுநன்மைச் சான்றிதழ் மூன்றையும் வையுங்கள், போனிலும் ஸ்கேன் செய்து வையுங்கள். பின்னால் பெறும் இன்னொரு அருட்சாதனமான உறுதிபூசுதலுக்கு இதே தாள்களைத்தான் கேட்பார்கள்.

கவுனைத் துவைத்து, கஞ்சி போடாமல் நன்றாகக் காயவைத்து, பழைய வெள்ளை வேட்டியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் கவரில் வைத்தால் மஞ்சளாகும், கஞ்சி இருந்தால் பூச்சி அரிக்கும். துவைக்காமல் வைத்தால் வியர்வைக் கறை அடுத்த வருடம்தான் தெரியும்.

அடுத்த மாதமே மறுபடியும் பாவசங்கீர்த்தனத்துக்கு அழைத்துப் போங்கள். ஆறு மாதம் விட்டால் மனத்துயர் செபமே மறந்துவிடுகிறது. மூத்தவளை மறைக்கல்வியின் அடுத்த வகுப்பில் சேர்க்கும் ஜூன் மாதத்திலேயே, இளையவளின் பெயரையும் கொடுத்து, அவள் திருமுழுக்குப் பதிவு எந்தக் கோயிலில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.